பூட்டு முன்வாசலில், நான் உள்ளே

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது, நான் வேதாரண்யத்தில் ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தேன். தெருவில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. எல்லோரும் பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்கும் பாதுகாப்பு மையத்துக்கும் போய்விட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. வெளியூரிலிருந்து கடலோர ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களை, அதிலும் தனியாக வீடு எடுத்துத் தங்கப்போகிற பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் 66,000 ரூபாயும், ஐந்து மாத அலைச்சலும், இன்றைக்கும் பலமாகக் காற்றடித்தால் எனக்கு வருகிற படபடப்பும் மிச்சமாகியிருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கரூர் பக்கம். கடலைச் சுற்றுலா போனபோது பார்த்ததோடு சரி. 2018 ஜூனில் வேதாரண்யத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. தமிழ்நாட்டுப் படத்தில் கிழக்குக் கடற்கரை ஒரு மூக்குப்போல நீட்டிக்கொண்டு மேற்கே மடங்குமே, அந்த மூக்குக்குச் சற்று மேலே இருக்கிற ஊர். அதைத் தாண்டினால் அகத்தியம்பள்ளி உப்பளம், கோடியக்காடு, கோடியக்கரை. அதோடு சாலை முடிந்துவிடும், அப்புறம் கடல்தான். அப்போது ரயிலும் கிடையாது. 2004-இல் நின்றுபோன ரயில் 2023-இல்தான் திரும்ப வந்தது. நாகப்பட்டினமோ திருத்துறைப்பூண்டியோ, எங்கே போக வேண்டுமானாலும் பஸ்தான். கரூர் போய்ச்சேர ஏழு மணி நேரம் ஆகும்.

வீடு பார்க்க எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். கோயிலிலிருந்து சன்னதிக் கடலுக்குப் போகிற பக்கமாக ஒரு சின்னத் தெருவில், சீமை ஓடு போட்ட வீடு. வாடகை 3,500, முன்பணம் 30,000. பின்னால் கொல்லை, கொல்லையில் ஒரு பெரிய பூவரச மரம், இரண்டு தென்னை, ஓரமாகக் கான்கிரீட் தளம் போட்ட ஒரு பாத்ரூம். மரம் இருக்கிறதே, வெயிலுக்கு நன்றாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அது சமையலறைப் பக்கம் சாய்ந்து நின்றது. கடலோரத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர், கரண்டு, பஸ் ஸ்டாண்டு தூரம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வீட்டில் கான்கிரீட் தளம் போட்ட ஓர் அறையாவது இருக்கிறதா. இன்னொன்று, எந்த மரம் விழுந்தால் எந்தச் சுவர் போகும். வீட்டுக்காரரிடம் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்பார். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. இரண்டே மாதத்தில் முன்வாசல் கதவு ஊறிப் பெருத்து நிலையில் இறுகிக்கொண்டது. அதில் தொங்கிய பூட்டு துருவேறி, சாவி உள்ளே போனால் திரும்பாது. ஒருநாள் காலை பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அந்தப் பூட்டோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதற்கப்புறம் முன்கதவைப் பூட்டினது பூட்டினபடி விட்டுவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகவே போகவும் வரவும் பழகிக்கொண்டேன். வாங்கினால் பித்தளைப் பூட்டாக வாங்குங்கள், மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விடுங்கள். அப்போது 200 ரூபாய் சமாச்சாரம். அந்த 200 ரூபாயை நான் செலவு செய்யாததுதான் அன்றைக்கு என் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

தெரு மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ஐயா அகத்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி வேலை பார்த்தவர், அறுபது வயதுக்கு மேல். அவருடைய அம்மாவைத் தெருவே ஆயா என்று கூப்பிடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்கள் எல்லோரும் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், “எங்கத்தா போயிட்டு வர? இம்புட்டு நேரமா? ஊருக்கு எப்ப போற? எப்ப வருவ? துணைக்கு யாரு?” என்று வரிசையாகக் கேட்பார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. தனியாக இருக்கிற பெண்ணை வேவு பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு சிரிப்போடு தாண்டிப் போய்விடுவேன். கொல்லை வழி பழகினபிறகு அந்தச் சிரிப்புக்கும் வேலை இல்லாமல் போனது. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்ற வீட்டுக்கு 100 ரூபாய் வசூலித்தார்கள். ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், கஞ்சி குடிக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கரூர், திங்கள் விடியற்காலை திரும்பல். ஐந்து மாதம் அந்தத் தெருவில் இருந்தேன், யார் வீட்டு வாசற்படியும் ஏறவில்லை.

கடலுக்குப் போகிற ஊரில் அந்தக் கேள்விகளுக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து மீனவ ஊரான ஆறுகாட்டுத்துறையில் படகு கிளம்பினால் எத்தனை பேர் ஏறினார்கள், எந்தப் பக்கம் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்ப வேண்டிய நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடிப் போக ஆள் கிளம்பும். யார் வெளியே, யார் உள்ளே என்பது அங்கே ஊருக்கே தெரிய வேண்டிய கணக்கு. உப்பளத்துக்காரர், கடைக்காரர், பூக்கட்டுகிறவர் என்று கலந்து வாழ்கிற எங்கள் தெருவுக்கும் அதே பழக்கம் ஒட்டியிருந்தது. 1977 நவம்பர் புயலை நேரில் பார்த்தவர் ஐயா. 2004 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் திண்ணைக் கேள்விகள் தலை எண்ணுவதற்கான கேள்விகள். நான் பதில் சொல்லாமல் போனதால் என் தலை அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

தீபாவளி முடிந்து சில நாளில் புயல் செய்தி வர ஆரம்பித்தது. யானை என்று அர்த்தம் வருகிற கஜா என்கிற அந்தப் பெயரை இலங்கை கொடுத்திருந்தது. கரை கடக்கும் இடம், நேரம் இரண்டும் மாறிக்கொண்டே வந்ததால் பள்ளியில் கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 15-ஆம் தேதி வியாழக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஊருக்குப் போகலாமா என்று யோசித்தேன், நடுவழியில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து இருந்துவிட்டேன். அப்பா போனில், “கதவைச் சாத்திக்கிட்டு உள்ளாரயே இரு, வெளிய தலை காட்டாத” என்றார். கரூரில் அடிக்கிற காற்றுக்கு அது சரியான யோசனை.

அதற்கு முந்தின இரண்டு நாளும் ஐயா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆள் விட்டுத் தென்னையில் காய், இளநீர் எல்லாவற்றையும் இறக்கினார், பச்சை மட்டையைக்கூடக் கழித்துவிட்டார். ஓட்டின் மேல் மணல் மூட்டை ஏற்றி, குறுக்கே கயிறு போட்டுக் கட்டினார். அரிசி டின்னைக் காலி செய்து அதற்குள் எதையோ பாலிதீன் பையில் சுற்றி வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக்கு எல்லாம் அதில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. எதற்காக இதெல்லாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டிவியில் சொல்கிற எண்ணெல்லாம் புரியவில்லையென்றாலும் பரவாயில்லை, ஊரில் பிறந்து வளர்ந்த வயசாளிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்யுங்கள். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். 11 என்றால் செய்தித் தொடர்பே அறுந்துபோனது என்று அர்த்தம்.

வியாழன் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் நன்றாகத் தூங்கிவிட்டேன். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது கனவுபோல் காதில் விழுந்தது. ஐந்து மணிவாக்கில் தெருவே கிளம்பியிருக்கிறது. ஐயா ஒவ்வொரு வீடாக நின்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். என் வாசலிலும் நின்றிருக்கிறார். பூட்டு தொங்கியது. பள்ளிக்கு லீவு விட்டதும் டீச்சர் வழக்கம்போல ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்து நகர்ந்துவிட்டார். நான் பத்தடி தூரத்தில், பின் அறையில் படுத்திருந்தேன்.

எழுந்தபோது இருட்டியிருந்தது, கரண்டு இல்லை. போனில் 38 சதவீதம் சார்ஜ். ஒரு கேன் தண்ணீர், இரண்டு மெழுகுவத்தி, பர்ஸில் 700 ரூபாய். முதலில் காற்று வடக்கிலிருந்து வந்தது, அங்கே வாடை என்பார்கள். பத்து மணி வரைக்கும் சத்தம்தான் பெரிதாக இருந்தது. நள்ளிரவு நெருங்க நெருங்க அது சத்தம் என்கிற அளவைத் தாண்டிவிட்டது. ஒரு பெரிய லாரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல், சுவரில் கை வைத்தால் சுவர் அதிர்ந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்று பிறகு படித்தேன். முதல் ஓடு கிளம்பியபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு வரிசையாக, யாரோ சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல ஓடுகள் கிளம்பின. மேலே பார்த்தால் வானம். தண்ணீர் தலைமேல் கொட்டியது. மேசை மேலிருந்த லேப்டாப்பும், பீரோவில் வைக்க இடமில்லாமல் அலமாரித் தட்டில் வைத்திருந்த சான்றிதழ் ஃபைலும் என் கண்முன்னே நனைந்தன. கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுதேன்.

அதற்கப்புறம் நடந்ததை மட்டும் கவனமாகப் படியுங்கள். திடீரென்று காற்று நின்றது. மெல்லத் தணியவில்லை, குழாயை அடைத்ததுபோல் நின்றது. முடிந்தது என்று நினைத்துக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, சுற்றிவந்து தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு வாசலில் நின்று “ஐயா, ஐயா” என்று கத்தினேன். பதில் இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் பூட்டு. மின்கம்பம் ஒன்று தெருவுக்குக் குறுக்கே கிடந்தது, கம்பிகள் தண்ணீரில் கிடந்தன. அந்தத் தெருவில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று தெரிந்த அந்த நிமிஷத்தைவிடப் பெரிய பயத்தை நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்குமா, அரை மணி நேரமா, கணக்கில்லை. தெற்கே தூரத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. புயலின் கண் நம்மைக் கடக்கும்போது காற்று இப்படித்தான் அடங்கும், கண் தாண்டினதும் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்தவள்தான் நான். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. வடக்குக் காற்றில் தாக்குப்பிடித்த மரமும் சுவரும் தெற்குக் காற்றில்தான் விழும், ஏற்கெனவே வேர் ஆடிப்போயிருக்கும். காற்று நின்றால் வெளியே வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். இருக்கிற இடம் சரியில்லை என்றால், அந்தச் சில நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பலமான இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், அதோடு சரி. அறுந்த கம்பி கிடக்கும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நான் வைத்தேன், கரண்டை முன்னாலேயே நிறுத்தியிருந்ததால் பிழைத்தேன்.

வீட்டுக்குள் திரும்பப் போக மனம் வரவில்லை. கொல்லை பாத்ரூமுக்குள் நுழைந்தேன். அதற்குத்தான் கான்கிரீட் தளம். நுழைந்து கொஞ்ச நேரத்தில் தெற்குக் காற்று பிடித்துக்கொண்டது. பூவரசு சமையலறை மேல் விழுந்த சத்தம் கேட்டது. பாத்ரூமுக்கு பிளாஸ்டிக் கதவு, தாழ்ப்பாள் முதல் அடியிலேயே பிய்ந்தது. துப்பட்டாவைக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடியும் வரைக்கும் விடவில்லை.

வெளிச்சம் வந்து, மழை தூறலான பிறகு, ஐயாதான் முதலில் வந்தார். தன் வீட்டைப் பார்க்க வந்தவர் என் குரல் கேட்டுக் கொல்லைக்கு ஓடிவந்தார். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். “யாத்தா... நீ ஊருக்குப் போயிட்டன்னுல்ல நெனச்சோம்! பூட்டுக் கெடந்துச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத் துப்பட்டாவை விட வரவில்லை, விரல்கள் மடங்கினபடி இறுகியிருந்தன. ஆயா வந்து என்னைத் தன் வீட்டுக்குள் உட்கார வைத்து, விறகு அடுப்பில் வெந்நீர் போட்டு, என் கையை அதில் முக்கி, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துத் தேய்த்துப் பிரித்துவிட்டார். சுண்டுவிரல் கடைசியாகப் பிரிந்தது. ஐந்து மாதமாக நான் பேசாமல் தாண்டிப்போன கிழவி அவர்.

அதன்பிறகு இருபத்தாறு நாள் எங்கள் தெருவில் கரண்டு இல்லை. ஊருக்குப் போகிற சாலையெல்லாம் மரமும் கம்பமும். போன் வேலை செய்யவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று வீட்டுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் அப்பா திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து யாரோ ஒருவரின் மோட்டார் பைக்கில், மரத்தை வெட்டி ஒதுக்கிய சந்துகளில் புகுந்து வந்து சேர்ந்தார். தெருமுனையில் என்னைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உடனே கூட்டிப் போகத்தான் வந்திருந்தார். இரண்டு நாள் அவரும் அங்கே தங்கி, மரம் வெட்டி, ஓடு பொறுக்கினார். போகும்போது, “இவுங்க கூடயே இரு” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அந்தத் தெரு எப்படிப் பிழைத்தது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது யாருக்காவது ஒருநாள் உதவும். முதல் நாளே அடுப்பு ஒன்றானது. ஒவ்வொரு வீட்டிலும் நனையாமல் மிஞ்சிய அரிசி, பருப்பு ஒரு இடத்துக்கு வந்தது. விழுந்த தென்னையில் காய்க்குப் பஞ்சம் இல்லை, விறகுக்கும் பஞ்சம் இல்லை. பால் குடிக்கிற குழந்தை, வயசாளி, மாத்திரை போடுகிறவர்கள் என்று பட்டியல் போட்டு முதலில் அவர்களுக்கு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றக் கரண்டு இல்லை என்பதால், வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து, வீட்டுக்கு 60 ரூபாய் போட்டு மோட்டார் ஓட்டினார்கள். முறைவைத்துக் குடம் நிரப்பினோம். போன் சார்ஜ் போடக் கடையில் 30 ரூபாய் கேட்டார்கள், அந்த ஜெனரேட்டர் ஓடும்போதே எல்லாரும் போட்டுக்கொண்டோம். ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை. நூறும் ஐம்பதுமாகச் சில்லறையாகப் பணம் வைத்திருந்தவர்கள்தான் சமாளித்தார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் டிசம்பர் முடிகிற வரைக்கும் குறைந்தது 3,000 ரூபாயாவது சின்ன நோட்டாக வீட்டில் வைத்திருங்கள். அதைத் தொடாதீர்கள்.

திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பது பழமொழி. கோயில் விளக்கின் திரியை எலி ஒன்று தூண்டிவிட்டு மகாபலியாகப் பிறந்த கதையை ஆயாதான் அந்த இருட்டு நாட்களில் எனக்குச் சொன்னார். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. இரண்டு வீட்டுக்கு ஒரு விளக்கு என்று வைத்துக்கொண்டோம். ஆனாலும் தெருமுனையில் ஒரு அரிக்கேன் விடிய விடிய எரியும். “வரவன் போறவனுக்கு வெளக்கு வேணும்த்தா” என்பார் ஆயா. அந்த அரிக்கேனுக்கு எண்ணெய் ஊற்றும் முறை வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வந்தது. ஊரில் என்னென்ன போனது என்பதும் அந்த விளக்கடியில் கேட்டதுதான். அம்பாரமாகக் குவித்து மூடிவைத்திருந்த உப்பு கரைந்து ஓடியது. பாத்திகளில் சேறு ஏறியது. கரையில் இழுத்துக் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதிப் பிளந்தன. சன்னதிக் கடற்கரையில் கடல் சேற்றைக் கக்கி, கால் வைத்தால் முழங்கால் வரை புதைந்தது. தை அமாவாசைக்குச் சனம் எப்படி முழுகும் என்று கவலைப்பட்டார்கள். தன் வீட்டுக் கூரையைவிட அந்தக் கவலைதான் ஆயாவுக்குப் பெரிதாக இருந்தது.

இனி என் நஷ்டக் கணக்கு. லேப்டாப் 34,000. படுக்கை, துணி, அடுப்பு 9,000. ஸ்கூட்டி மேல் கிளை விழுந்து முன்பக்கம் நொறுங்கியது, சரிசெய்ய 6,500. நான் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தேன், அதில் புயல் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முழுக் காப்பீடு போட்டிருந்தால் வந்திருக்கும். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டுக்காரர் முன்பணத்தில் 12,000 பிடித்துக்கொண்டார், ஜன்னல், கதவு, குழாய் எல்லாம் நான் இருந்தபோது உடைந்ததாம். குடிபுகும்போது எழுதின ஒப்பந்தத்தில் இயற்கைச் சேதம் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை, வீட்டின் போட்டோவும் என்னிடம் இல்லை. ஒரு வரி எழுதி வாங்குங்கள், குடிபுகும் நாளில் எல்லாச் சுவரையும் போட்டோ எடுங்கள். சேதமானபிறகும் பெருக்கித் துடைப்பதற்கு முன்னால் எடுங்கள். நான் எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்கு செய்துவிட்டுத்தான் காப்பீடு, நிவாரணம் எல்லாம் யோசித்தேன். நிவாரணமோ குடும்ப அட்டையை வைத்துத்தான். என் பெயர் கரூர் அட்டையில் இருந்தது. போய் வரிசையில் நின்றேன், கிடைக்காது என்றார்கள். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. ஐயா தன் வீட்டுக்கு வந்த பொருளில் போர்வையையும் ஐந்து கிலோ அரிசியையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

பணத்தைவிட என்னை அலைக்கழித்தது சான்றிதழ்கள். மதிப்பெண் பட்டியலில் மை கலங்கி, பதிவு எண்ணே படிக்க முடியவில்லை. நனைந்த காகிதத்தை நான் வெயிலில் போட்டேன், அது சுருண்டு ஒட்டிக்கொண்டது. அப்படிச் செய்யக்கூடாது. பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, தாளை மாற்றி மாற்றி, நிழலில் காயவைக்க வேண்டும் என்று பள்ளி நூலகர் பிறகு சொன்னார். நகல் வாங்கப் படித்த பள்ளி, பல்கலைக்கழகம் என்று ஐந்து மாதம் நடந்தேன், போக்குவரத்தும் கட்டணமுமாக 4,500. இப்போது மூலச் சான்றிதழ் எல்லாம் கரூரில் இருக்கின்றன. என்னிடம் நகலும், டிஜிலாக்கரும், அப்பாவின் போனில் போட்டோவும் மட்டும். வேறு வழியில்லாமல் மூலத்தையே கையில் வைத்திருக்க வேண்டியவர்கள் ஐயாவின் அரிசி டின் முறையைப் பின்பற்றுங்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டின் மிதந்தது, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதே தெருவில், இன்னொரு வீட்டுக்கு மாறினேன். தளம் போட்ட சின்ன வீடு, வாடகை 800 அதிகம். சாவி ஒன்று ஆயாவிடம் இருக்கும். ஊருக்குக் கிளம்பினால் திண்ணையில் நின்று, “ஆயா, போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துருவேன்” என்று சொல்லாமல் தெருவைத் தாண்டுவதில்லை. ஆடிக்கஞ்சிக்குக் கேழ்வரகு மாவு கரைக்கிற வேலை என்னுடையது. தெருவில் ஒரு சாவு என்றால் லீவு போட்டுப் போய் நிற்கிறேன். இதற்கெல்லாம் நேரம் போகிறது, கேள்விகள் இன்னும் வருகின்றன, சில கேள்விகள் இன்னமும் எனக்குப் பிடிப்பதில்லை. பதில் சொல்லிவிடுகிறேன்.

2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது கொரோனா காலம், பள்ளி திறக்கவில்லை, ஆனாலும் நான் ஊரில்தான் இருந்தேன். கிளம்புவதற்கு முன் தலை எண்ணும் வேலையை ஐயா அந்த முறை என்னிடம் விட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கடைசிக்கு முந்தின வீட்டில், நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஒரு வெளியூர்ப் பையன் இரண்டு மாதமாகக் குடியிருந்தான். வாசலில் பூட்டு. “அந்தத் தம்பி காலையிலயே ஊருக்குப் போயிருக்கும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நான் நோட்டை மூடாமல் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். மூன்றாவது தட்டலில் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.